பியானோவுக்கு வைத்த சந்தனம்

கிள்ளான்,
அக்டோபர் 13

அன்பு மகன் விமலனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சி தாமரையும் சாமி புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பெரிதாக நோய் ஒன்றும் இல்லை, எனக்கு முழங்கால் வலியும் அலுப்பும்தான். ஆக்லாந்தில் குளிர் விட்டதா, உன் இருமல் நின்றதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். ஃபோனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று அவசரமாக வைத்துவிடுகிறாய், வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். தாமரைக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கும் ரமணி டீச்சரின் தம்பி வியாழக்கிழமை அங்கே வருகிறார், தீபாவளி முறுக்கு டின்னோடு இதையும் அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் இதைப் படி, பிறகு டின்னைத் திற.

நல்ல வீடியோவை விட்டுவிட்டுக் கெட்ட வீடியோவை அனுப்பிவிட்டீர்கள், பிள்ளையின் ஒரு வருஷ உழைப்பைப் பாழாக்கிவிட்டீர்கள் என்று நீ அப்பாவிடம் சத்தம் போட்டாயாம். உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை, உனக்குப் பாதிதான் தெரியும். இங்கிலாந்தில் இருக்கும் அந்த மியூசிக் காலேஜ் பிள்ளையை நேரில் பார்க்காது, அவள் அனுப்பும் ஒரே ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் இடம் கொடுப்பதா வேண்டாமா என்று சொல்லும். பதினோரு நிமிஷப் பாட்டு, முகமும் விரலும் தெரிய வேண்டும், நடுவில் வெட்டக்கூடாது ஒட்டக்கூடாது. பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாண வீடியோ எடுக்கும் அய்யாவு செப்டம்பரில் வீட்டுக்கு வந்து எடுத்தார். சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, இரண்டு பெரிய லைட்டைப் போட்டுவிட்டார், நானும் அப்பாவும் குசினியில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். நான்கு தடவை வாசித்தாள். ஒரு தடவை ஆரம்பம் அருமையாக வந்தது, இன்னொரு தடவை முடிவு அருமையாக வந்தது. அய்யாவு நல்ல மனசில் அந்த இரண்டையும் சேர்த்து ஒட்டி நமக்கு அனுப்பிவிட்டார். தாலி கட்டும்போது கரண்ட் போனாலும் வீடியோவில் தெரியாமல் ஒட்டிக் கொடுப்பவர், அவருக்கு அது ஒரு தப்பாகவே படவில்லை. நீயும் அதைப் பார்த்துவிட்டு அழுகை வந்துவிட்டது என்று சொன்னாய். நம்மில் ஒருவர் கண்ணுக்கும் ஒட்டு தெரியவில்லை, ரமணி டீச்சர்தான் இரண்டாம் தடவை பார்க்கும்போது கண்டுபிடித்தார். முதல் பாதியில் தாமரையின் சட்டை முதுகு காய்ந்திருக்கிறது, ஒரு நொடியில் வியர்வையில் முழுக்க நனைந்துவிடுகிறது. காலேஜ்காரர்கள் இதைக் கவனிக்காமலும் போகலாம், முடிவு உங்களுடையது என்று சொல்லிவிட்டு டீச்சர் எழுந்து போய்விட்டார். முழுசாக வாசித்த வேறு வீடியோவைக் கேட்கலாம் என்றால், அய்யாவு அந்தக் கேமராக் கார்டை அழித்துவிட்டு டெங்கிலில் ஒரு கல்யாணம் எடுக்கப் போய்விட்டார்.

சரி, மறுபடி எடுப்போம் என்றால் நவராத்திரி வந்துவிட்டது. டீச்சர் வீட்டு நல்ல பியானோவில் எடுக்கலாம் என்று இரண்டு நாள் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனோம், கோயில் ஒலிபெருக்கி அவர் ஃப்ளாட்டுக்குள்ளேயே பாடுகிறது, இரண்டு நாளும் சும்மா திரும்பி வந்தோம். அப்புறம்தான் சரஸ்வதி பூஜை. இதைத்தான் உனக்கு எழுத வந்தேன், இதுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்று காலையில் அப்பா லோரியைக் கழுவி, ஸ்டீயரிங்கிலும் கண்ணாடியிலும் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். உன் பழைய புத்தகங்கள், அப்பாவின் ஸ்பேனர், என் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் நான் வைத்தேன். பியானோவின் நான்கு மூலையிலும் வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். மூடிக்கு வைத்தால் போதுமா, பேசுவது கட்டைகள்தானே என்று தோன்றியது. மூடியைத் திறந்து, நடுவில் இருந்த ஒரு வெள்ளைக் கட்டையில் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை ஒரு பெரிய பொட்டாக வைத்து, தாமரை எங்கேயாவது நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று கும்பிட்டுவிட்டு மூடினேன். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது என்று தாமரையும் தொடவில்லை. மறுநாள் நான்தான் திறந்து ஈரத்துணியால் துடைத்தேன், மேலே சுத்தமாகத்தான் இருந்தது. குழம்பாக இருந்த சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கட்டை அமுக்கினால் சில சமயம் எழுந்து வருகிறது, சில சமயம் அப்படியே படுத்துக்கொள்கிறது.

பழைய பியானோ, வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிறது, மரம் ஊதியிருக்கும் என்று அப்பா சொன்னார். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பியானோவைச் சரிசெய்யும் செமினி டியூனருக்கு டெங்கிக் காய்ச்சல், பதினொன்றாம் தேதிக்கு முன்னால் வர முடியாது என்று அவர் மனைவி சொன்னார், காலேஜுக்கு அனுப்பக் கடைசி நாளோ பத்தாம் தேதி. வேறு டியூனரைக் கூப்பிடலாமா, மறுபடி டீச்சர் வீட்டுக்குப் போகலாமா என்று அப்பா கேட்டதற்கு, வேண்டாம்பா, இதிலேயே வாசிக்கிறேன் என்று தாமரை சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோனை அலமாரியில் சாய்த்து வைத்துத் தானே எடுத்தாள். ஒரே தடவைதான் எடுத்தாள். அந்தக் கட்டை இரண்டு இடத்தில் வரவில்லை, வர வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மௌனம். அவள் நிற்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை, கடைசிவரை வாசித்து முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு வீடியோவையும் எல்லாரும் பார்த்தோம். ஒட்டினதையே அனுப்புங்கள், சட்டை முதுகை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நீ சொன்னாய். அப்பாவும் அதைத்தான் சொன்னார். நானும் சொன்னேன் விமலா, மறைக்கவில்லை. எதை அனுப்புவது என்று தாமரை மட்டும் வாயைத் திறக்கவில்லை, நான்கு நாள் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோனாள்.

உனக்குத் தெரியும், மேரு ஃபேக்டரியில் என் வேலை கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் ஊற்றி, தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டு கசிந்தாலும் தூக்கிப் போட வேண்டும். பதினேழு வருஷமாக அதையே பார்த்துப் பார்த்து என் கண் அலுத்துவிட்டது, நானும் அலுத்துவிட்டேன். அந்த வாரம் முழுக்கக் கையுறையைத் தூக்கிப் பிடிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு இடம்தான் காதில் கேட்டது. என் பிள்ளையின் பாட்டில் ஓட்டை போட்டவள் நானே, போட்டுவிட்டு மரத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். வியாழக்கிழமை காலையில் ஃபேக்டரி பஸ் வருவதற்குக் கால் மணி நேரம் இருந்தது. தாமரை பியானோ முன்னால் வாசிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பொட்டு வைத்தது, துடைத்தது, ஆமாம் என்று தலையாட்டியது எல்லாம். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் அந்தக் கட்டையை ஒரு தடவை அமுக்கிவிட்டு விரலை என் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“தெரியும்மா. முதல் நாளே சந்தன வாசம் வந்துச்சு. நோண்டி எடுத்திருக்கலாம், ஆனா நீங்க எனக்காகச் சாமி கும்பிட்டு வெச்சதும்மா, என் கையால எடுக்க மனசு வரல.”

உட்கார்ந்து அழுதுவிட்டேன், பஸ்ஸும் போய்விட்டது. பதினேழு வருஷத்தில் நான் பஸ்ஸை விட்டது அன்று ஒரு நாள்தான். அப்புறம் அவளே சொன்னாள், ஒட்டின வீடியோவில் இருப்பது நல்லா வாசிக்கிற வேற ஒரு பொண்ணு மாதிரி இருக்கு, அந்தப் பொண்ணுக்கு இடம் கிடைச்சா அங்கே நான் போய் என்ன பண்றது என்று. விண்ணப்பத்தில் வீடியோவைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவள் எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னாள், எங்கள் வீட்டில் வருஷத்தில் ஒரு நாள் பியானோவைக் கும்பிடுவோம், அம்மா வைத்த சந்தனத்தால் ஒரு கட்டை இரண்டு இடத்தில் எழவில்லை, நான் நிறுத்தாமல் வாசித்தேன் என்று. அவ்வளவுதான் எழுதினாள். ஒரு நாள் முன்னாலேயே அனுப்பிவிட்டோம். இடம் கிடைக்குமா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. கிடைக்காவிட்டால் அதற்குக் காரணம் நான் என்று ஆயுசுக்கும் மனசில் இருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அவளிடம் சத்தம் போடாதே.

சனிக்கிழமை டியூனர் வந்தார், இன்னும் காய்ச்சல் முகம் மாறவில்லை, பாவம். கட்டையைக் கழற்றிக் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். இத்தனை வருஷத்தில் பியானோவுக்குள் எலி பார்த்திருக்கிறேன், பென்சில் பார்த்திருக்கிறேன், இது என்ன என்று கேட்டார். தாமரை சிரித்துக்கொண்டே, எங்கம்மா என்று சொன்னாள். சுரண்டிய தூளை அவள் ஒரு தாளில் மடித்துத் தன் மியூசிக் பைக்குள் வைத்துக்கொண்டாள், எங்கே போனாலும் கூட வரட்டும் என்றாள். நேற்று சாயங்காலம் அதே பாட்டை வாசித்தாள், நான் குசினியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்ததும் கத்தியை வைத்துவிட்டு நின்றுவிட்டேன். இரண்டு தடவையும் சத்தம் தெளிவாக வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒன்று குறைந்தது போல இருந்தது, அது எனக்கே விளங்கவில்லை.

நீயும் உன் வேலையும் நன்றாக இருக்க வேண்டும், போன இடத்தில் நல்ல பெயரோடு இருக்க வேண்டும், நம்ம முருகன் உன் கூடவே இருப்பான். குளிர் விடும்வரை கம்பளியை எடுத்து வைத்துவிடாதே. தீபாவளி அன்று தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி. மறக்காமல் ஒன்று செய், அந்த ஒட்டின வீடியோ உன் ஃபோனில் இருந்தால் அழித்துவிடு. அப்பா ஃபோனில் நான் அழித்துவிட்டேன். தங்கச்சி வாசிப்பதைப் பார்க்க ஆசை வந்தால் மற்றதைப் போட்டுப் பார், அதில் சட்டை முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நனைகிறது, முதலிலிருந்து கடைசிவரை நம்ம பிள்ளைதான்.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா லோகேஸ்வரி