மடி இல்லாத காதுகுத்து

இராமலட்சுமிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? எனக்கு ஒரு குறையும் இல்லை. மருமகன் உனக்கு வாங்கிக் கொடுத்த செல்லில் உன்னோடு பேச மாட்டேன் என்றேன். அதனால்தான் கடிதம்.

இங்கே குஜராத் ஆலையில் எரிமலைக் கல்லை நொறுக்கி உலையில் போட்டால் பொரியாக வெடித்து வெளுக்கும். சூட்டைத் தடுக்கும் செங்கலுக்கு அதுதான் சரக்கு. கல்லை நன்றாக உலர்த்தித்தான் போட வேண்டும். நெல் பொரிக்க நீ உப்புத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்து வளர்ந்த நம் தனுஷ், கல்லுக்கும் தண்ணீர் தெளித்தான்.

“ஏலே, ஈரம் ஆகாது” என்றேன்.

“அம்மாவ விடவா அய்யா உங்களுக்குப் பொரிக்கத் தெரியும்?” என்று சிரித்தான்.

நான் எதையும் இரண்டு தடவை சொல்வதில்லை. தள்ளி நின்றுகொண்டேன். உலை சீறி, கொதிக்கும் பொரியை அவன் மடியில் கொட்டியது. தொடை வெந்திருக்கிறது. பிழைத்துக்கொள்வான், பயப்படாதே.

ஆகவே உன் மகள் மதுமதியின் பிள்ளை காதுகுத்துக்குத் தாய்மாமன் வர மாட்டான். என்னைக் கேட்காமல் கல்யாணம் முடித்தவள், பிள்ளையை அரிசி மூட்டைமேல் உட்காரவைத்துக் குத்தட்டும். உத்தரகோசமங்கையில் குறித்த நாளைத் தள்ளிவைக்காதே.

நைந்த வேட்டி இரண்டு அனுப்பு. புதுத்துணி பட்டால் கத்துகிறான். கொஞ்சம் நெல்பொரியும் வை. அது எனக்கு.

ஆலைச் சங்கு ஊதுகிறது, முடிக்கிறேன். அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று தனுஷ் அழுகிறான். நீ காது குத்தும் நேரத்தில், எல்லோர் முன்னாலும் அவளிடம் சொல்.

பூமிநாதன்