கேண்டீன் அட்டைக்கு ஒரு முகம்

மார்ச் 4, புதன்

கேண்டீனுக்குப் போன என் சம்சாரம் வெறும் பையோடு திரும்பி வந்தாள். ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்கான கடை அது. நான் தீக்காயம்பட்டு வீட்டோடு வந்ததிலிருந்து என் அட்டையைக் காட்டி இவள்தான் வாங்கி வருகிறாள்; வாசல் காவலர்கள் பழக்கத்தில் விட்டுவிடுவார்கள். இன்று புது ஆளாம். "அட்டைக்காரர் நேர்ல வரணும்மா. இந்த அட்டையும் போன மாசத்தோட முடிஞ்சுபோச்சு. புதுசு வாங்குங்க, கூடவே உங்களுக்கும் துணை அட்டை தருவாங்க."

என் தீக்காயக் களிம்பு அங்கே மட்டும்தான் கிடைக்கிறது. அவள் பழைய டியூபைக் கத்தரியால் பிளந்து, ஒட்டியிருந்ததை வழித்து என் இடது கன்னத்தில் பூசினாள். பூசியது தெரியவில்லை. அந்தப் பக்கம் தொட்டாலும் சுட்டாலும் எனக்கு எதுவுமே தெரியாது.

மார்ச் 5

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 9, திங்கள்

அட்டை அலுவலகம். "பேரு?" என்றார் குமாஸ்தா. நான் என் படை எண்ணைச் சொன்னேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. பெயரை அவள் சொன்னாள்.

விண்ணப்பத்தில் சீருடையோடு இருக்கும் பழைய படத்தை ஒட்டியிருந்தாள். நல்ல படம் என்று நினைத்திருப்பாள். குமாஸ்தா படத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். "இவர் வரலையா?"

"இவர்தாங்க அவர்."

பாவம், குமாஸ்தாவுக்கு வியர்த்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க சார். இப்ப எடுத்த போட்டோ வேணும்."

கோபம் வரவேண்டும் இல்லையா? வரவில்லை. பஸ்ஸில் அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். டயர் கடைகள்தான் அதிகம்.

மார்ச் 12

ஸ்டுடியோ. அடிபட்ட பிறகு படம் எடுத்துக்கொள்வது இதுதான் முதல் தடவை. ஸ்டுடியோக்காரர் தேன் ஒழுகப் பேசினார். "லேசா வலது பக்கம் காட்டுங்க சார்."

"அட்டைக்குய்யா. நேரா எடுங்க."

துணை அட்டைக்காக அவளையும் எடுத்தார். இரண்டு தடவை பவுடர் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் வாங்கிப் பார்த்தால், என் இடது கன்னம் வழவழவென்று இருக்கிறது. காதும் இருக்கிறது! வலது காதைத் திருப்பி இடப்பக்கம் ஒட்டவைத்திருக்கிறார் மனுஷன். நல்லது செய்வதாக நினைத்திருப்பார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தும் உறையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தேன். அவள் கவனித்தாள்.

மார்ச் 16, திங்கள்

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

"சார்… இதுல காது இருக்கே," என்றார் குமாஸ்தா, குரலைத் தாழ்த்தி. "நான் விட்டாலும் வாசல்ல நிறுத்திடுவாங்க." அவள் படத்தை மட்டும் ஒட்டி முத்திரை குத்திக்கொண்டார்.

பழைய ஆளும் நான் இல்லை, திருத்தின ஆளும் நான் இல்லை – அப்புறம் யாரைத்தான்யா உள்ள விடுவீங்க?

வீட்டில் சண்டை. அட்டையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம் என்றேன்.

"களிம்பு?"

"எரிஞ்சா எரியட்டும்."

"எரியறது உங்களுக்கு எங்க தெரியுது? தூக்கத்துல சொறிஞ்சு ரத்தம் வருது. தலையணை உறையைத் துவைக்கறவளுக்குல்ல தெரியும்! இருக்கற முகத்தைக் குடுங்களேன். எனக்குப் போதும், அவங்களுக்குப் போதாதா?"

தட்டை இழுத்துக்கொண்டேன். சாப்பிட்டேன்.

மார்ச் 19

தனியாகவே ஸ்டுடியோவுக்குப் போனேன். "இந்தத் தடவை கை வைக்காதீங்க. இருக்கறபடி குடுங்க."

"உங்களுக்காகத்தான் சார் செஞ்சேன்…"

"தெரியும். நல்லாத்தான் செஞ்சிருந்தீங்க. ஆனா அது வேற ஆளு."

அச்சாகி வந்ததைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. நேரே போய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 27

வழித்தெடுத்த களிம்பும் தீர்ந்து நாளாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவுகிறாள்.

ஏப்ரல் 2, வியாழன்

இரண்டு அட்டைகளும் வந்தன. சேர்ந்தே கேண்டீனுக்குப் போனோம்.

வாசலில் அதே புது ஆள். என் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரி சார், போங்க." ஒரே பார்வை. இதற்கா இத்தனை நாள்!

அவள் அட்டையை வாங்கினான். பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் பார்த்தான். "அம்மா… இது நீங்கதானா?"

எட்டிப் பார்த்தேன். அட அநியாயமே! பத்து வயது குறைந்து, பளபளவென்று, மூக்கைக்கூடச் செதுக்கி – யாரோ ஒரு கல்யாணப் பெண். ஸ்டுடியோக்காரர் அவளையும் விட்டுவைக்கவில்லை. குமாஸ்தாவும் நானும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் முகத்தை யாருமே பார்க்கவில்லை.

"நீ சொல்லித்தான் செஞ்சாரா?"

"கண்ணுக்குக் கீழ கருவளையத்தை மட்டும் எடுக்கச் சொன்னேன்," என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

அந்தக் கருவளையத்தை அப்போதுதான் பார்த்தேன். தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

"என் சம்சாரம்தான் தம்பி," என்றேன். "நான் ஜவாப்தாரி."

"உங்க முகத்துக்காக விடறேன் சார். அடுத்த தடவை வேற போட்டோ ஒட்டிட்டு வரச் சொல்லுங்க."

என் முகத்துக்காக! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. இடது பக்கம் இழுத்து, உதட்டோரத்தில் தோல் வெடித்து, சுரீர் என்றது.

"வாசல்ல நின்னு என்ன இளிப்பு? இருங்க, இருங்க" என்று அவள் களிம்பு அலமாரியைத் தேடி ஓடினாள். மூடியைத் திறந்து அங்கேயே பூசினாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது," என்றேன்.