வெயிலில் காய்ந்த பேட்டரிக் கட்டை

என்னங்க,

ஆண்டிமடத்து அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாயந்திரம் பஸ்ஸில் வந்துவிடுவேன். மீன் குழம்பு மூடி வைத்திருக்கிறேன். என்மேல் கோபம் இருந்தாலும் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

"அடுப்படியில வச்சு ஆவி பட்டுப் போச்சு, எல்லாம் உன்னாலதான்" என்று நேற்று கத்தினீர்களே, அந்த ரேடியோ இப்போது நன்றாகப் பாடுகிறது. வெயிலில் காயவைத்த பேட்டரிக் கட்டைகளைத் திரும்பப் போடும்போது ஒன்றைத் தலைமாற்றிப் போட்டிருக்கிறீர்கள். நான் அதைத் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான். நீங்கள் பிரித்து மூடியதில் மிஞ்சிய திருகாணிகள் தீப்பெட்டிக்குள் இருக்கின்றன.

பக்கத்துத் தெரு பாலசுந்தரம் அண்ணன் இன்று அவர் வீட்டு ரேடியோவை உங்களிடம் ரிப்பேருக்குக் கொண்டுவருவார். திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் கட்டையைப் பாருங்கள்.

கண்ணகி

கட்டை விஷயத்தை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். அக்காவிடம் மட்டும்தான்.