ஊமைக் குழல்

இன்றைக்குக் காலையில் உன் குப்பத்துக் கரையில் ஒரு கூத்து நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

படகுப் பலகையில் கயிற்றுத் தையல் விட்டுப்போச்சு, வந்து பாருங்கள் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு, முனகிக்கொண்டே தோணியேறி ஏரியைத் தாண்டி வந்தேன். கரையில் பெரிய வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். காட்டூரில் அறுப்பு முடிந்து கூலிக்கு வந்த ஒருவன் வடக்குக் கயிற்றில் நின்றான். நல்ல திடமான ஆள், நல்ல குரல். பாட்டு அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது. நம் ஆட்கள் வழக்கம்போல் பாட்டின் நடுவே அந்த ஓர் இடத்தில் வாயை மூடினார்கள். அவன் மூடவில்லை. தன் பாட்டுக்கு ஒரு ராகத்தைச் சேர்த்துத் தனியாக உரக்கப் பாடிவிட்டான்.

அவ்வளவுதான், இழுத்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. கயிறு தொய்ந்து மணலில் விழுந்தது. எல்லோரும் திரும்பி அவனையே பார்த்தார்கள்.

"இன்னாபா, எல்லாரும் இப்டிப் பாக்குறீங்க? பாட்டு நடுவுல நீங்கதான் சொம்மா நின்னுட்டீங்க. இன்னாத்துக்கு நிக்கிறீங்க?" என்று கேட்டான் அவன்.

"அங்க அப்டித்தான்" என்றான் பக்கத்தில் நின்றவன். ஏன் அப்படி என்று அவனுக்கும் தெரியாது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு கரையில் நின்றவர்களில் அதைத் தெரிந்தவர்கள் நானும், கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த உன் பெண்டாட்டி அஞ்சலையும்தான். அஞ்சலை அவனுக்கு ஒரு பதில் சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன், பொறு. எனக்கு உளி பிடிக்கவே கை வரவில்லை.

உன் குரலைப் பற்றி எனக்கு எப்போதுமே ஒரு பொறாமை உண்டு. கோட்டைக்குள் ஒல்லாந்தரின் மரப்பட்டறையில் எனக்கு வேலை. உனக்குக் கடற்கரை. பழைய படகைப் பழுது பார்க்க வந்த இடத்தில்தான் உன்னை முதலில் பார்த்தேன். இல்லை, கேட்டேன். வலையின் இரண்டு கைகளிலிருந்தும் கயிறு கரைக்கு வருகிறது. தெற்கே ஒரு கூட்டம், வடக்கே ஒரு கூட்டம், நடுவே கூப்பிட்டால் கேட்காத தூரம். இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் வலை நேராக வரும். ஒரு கை முந்தினால் வலை கோணி, பின்னால் பைபோல் வரும் மடியிலுள்ள மீன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். அந்தத் தூரத்துக்கு நடுவில் நீ நின்றாய். கையில் கயிறு இல்லை, கோல் இல்லை. அலையைப் பார்த்துக்கொண்டு பாடினாய். அலை கரைக்கு வரும்போது உன் பாட்டு ஓடியது, அலை பின்வாங்கும்போது இழுத்து நீட்டி நின்றது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அத்தனை பேரும் உன் தொண்டையில் கட்டிய கயிற்றைத்தான் இழுத்தார்கள். அடேயப்பா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இன்னா ஆசாரி, ஈ பூந்துடப் போவுது" என்று பாட்டின் இடையிலேயே என்னைக் கிண்டல் செய்தாய். அன்றைக்குப் பிடித்த சிநேகம்.

அப்புறம் அந்த ஐப்பசிக் காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாய், தொண்டை பிழைக்கவில்லை. வைத்தியர் என்னென்னவோ குழைத்துக் கொடுத்தார். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. பக்கத்தில் காதை வைத்தால்தான் நீ சொல்வது கேட்கும். தை பிறந்து வலை இறங்கியபோது உன் மைத்துனனைப் பாட வைத்தார்கள். அவனுக்குக் குரல் உண்டு, கண் இல்லை. அலையைப் பார்க்காமல் பெண்கள் நிற்கும் பக்கத்தைப் பார்த்துப் பாடுவான். வலை கோணிக் கோணி வந்தது. நீ கரைக்கே வருவதை விட்டுவிட்டாய். கடலுக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய்.

ஒருநாள் அஞ்சலை தலையில் கூடையோடு நேராக என் பட்டறைக்கு வந்துவிட்டாள். மீன் விற்க வந்தவள் மீனைப் பற்றிப் பேசவே இல்லை.

"ஆசாரி, அவுரு வெடிமருந்து ஆலைக்குக் கூலிக்குப் போறேன்னு சொல்லிக்கினு கீறாரு. ஒரு பொறி பட்டா சாம்பல்கூட வூட்டுக்கு வராது. கேட்டா, பாடாதவனுக்கு இந்தக் கரையில இன்னா வேலைன்றாரு. நீயாச்சும் வந்து கேளு" என்றாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. கூடையின் விளிம்பை மட்டும் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் என்ன கேட்பது? மரம் என்றால் ஒட்டுப்போடலாம், தொண்டைக்கு எந்த ஆசாரி ஒட்டுப்போடுவான்? ஆனால் அந்தச் சமயத்தில்தான் என் பட்டறையில் அந்தப் பெட்டி இருந்தது.

கப்பலிலிருந்து சரக்கு இறக்கும்போது அலையில் படகு புரண்டு, ஒரு துரைசானியின் பெட்டி உப்புத் தண்ணீரில் ஊறிவிட்டது. கைப்பிடியைச் சுற்றினால் தானே பாடும் பெட்டி என்று துபாஷி சொன்னான். கதை விடுகிறான் என்று நினைத்தேன். மூடியைத் திறந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே ஒரு மர உருளை. அதன் உடம்பெல்லாம் பித்தளை முள். உருளை திரும்பினால் ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு கட்டையைத் தூக்குகிறது, கட்டை தூக்கினால் ஒரு குழலின் வாய் திறக்கிறது, அடியில் இருக்கும் துருத்தி ஊதுகிறது. ஒரு முழுப் பாட்டையும் எவனோ ஒருவன் மரத்தில் முள்ளாக அடித்து வைத்திருந்தான்! அவன் எந்த ஊரோ, என்ன பேரோ. அந்தக் கைக்கு நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிடு போட்டேன்.

உலர்த்தி, ஆட்டுத் தோலால் துருத்திக்குப் புதுச் சட்டை தைத்து, சுற்றிப் பார்த்தேன். பாடிற்று! கோட்டை வாசல் வரைக்கும் கூட்டம். தறியை விட்டு நெசவாளர்கள் வந்தார்கள், கடையைச் சாத்திவிட்டு மரைக்காயர் வந்தார். ஒரே ஒரு குழல் மட்டும் வெடித்துப்போய் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றது. பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் கப்பென்று நின்று, ஒரு மூச்சு விட்டு, மறுபடி தொடரும். துரைசானிக்கு அது பிடிக்கவில்லை. ஊரைவிட்டுக் கப்பலேறும்போது பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அதன் முன்னால் உட்கார வைத்தேன். நீ பலகையில் காதை வைத்தாய். பாட்டு முடியும்வரை கண் திறக்கவில்லை. பிறகு என் காதில், காற்றாக, "தொண்டையே இல்லாம பாடுதுய்யா" என்றாய்.  

உன் ஊர்க்காரர்களைப் பற்றிக் கேட்கவேண்டுமா? சேதி போனதும் பெட்டியைக் கரைக்குக் கொண்டுவா என்று ஒரே நச்சரிப்பு. பாட ஆளில்லை, பெட்டி பாடட்டும் என்று பெரியவர்களே சொல்லிவிட்டார்கள். தோணியில் வைத்து, குழந்தையைப்போல் துணி போர்த்தி எடுத்துப்போனோம். உன் மைத்துனன் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டான். கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவன்போல் ஒரே சீராகச் சுற்றினான். எவனும் பாடவில்லை, எவனும் கடலைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே இழுத்தார்கள். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்து வளர்ந்த ஜனம், வலை தண்ணீரில் இருக்கும்போது கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு பெட்டியை வேடிக்கை பார்த்தது! அலை பின்வாங்கும்போது இழுத்தார்கள், வரும்போது சும்மா நின்றார்கள். கயிறு உள்ளங்கையைத் தீய்த்தது. வடக்குக் கை முந்திக்கொண்டு வந்தது.

"கடலப் பாருங்கடா பேமானிங்களா! கடலு உங்க பொட்டி பேச்சக் கேக்குமா?" என்று அஞ்சலை கத்தினாள். யார் காதிலும் ஏறவில்லை.

நீ அதுவரை கவிழ்த்துப்போட்ட படகுக்குப் பின்னால் நின்றிருந்தாய். வரமாட்டேன் என்று சொன்னவன் எப்போது வந்தாய் என்று எனக்குத் தெரியாது. மணலில் விறுவிறுவென்று நடந்து வந்தாய். மைத்துனனைத் தோளால் இடித்துத் தள்ளினாய். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைப் பார்க்காமல் கடலைப் பார்த்தாய்.

பெட்டி நின்றுவிட்டது. அலை பின்வாங்கிக்கொண்டிருந்தது. நீ பொறுத்தாய். அடுத்த அலை தலை தூக்கியதும் சுற்ற ஆரம்பித்தாய். மெதுவாக, பிறகு வேகமாக, அலை உடையும்போது இன்னும் வேகமாக. அது வடிந்ததும் கையை இழுத்து நீட்டினாய். துருத்தி முனகியது, ஸ்வரம் நீண்டது. யோவ், அது பெட்டியின் பாட்டு இல்லை. எந்தத் தேசத்துப் பாட்டோ, யார் அடித்த முள்ளோ, ஆனால் போன வருஷம்வரை இந்தக் கரையில் கேட்ட அதே குரல் அதற்குள்ளிருந்து வந்தது. கயிறு பிடித்தவர்கள் பேயறைந்ததுபோல் நின்றார்கள். பிறகு அவர்கள் கால்களே அவர்களைத் திருப்பின. எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். தெற்கும் வடக்கும் ஒன்றாகச் சாய்ந்தன.

அந்த வெடித்த குழலின் இடம் வந்தது. பாட்டு நின்றது. அய்யோ, மானம் போகிறதே என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் நீ அந்த இடத்தைப் பின்வாங்கும் அலைக்கு என்று சரியாக வைத்துவிட்டாய். பாட்டு நின்ற இடத்தில் கரை முழுவதும் ஒன்றாக மூச்சு இழுத்தது. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். ஓர் ஊரே மூச்சு இழுக்கும் சத்தம். அடுத்த அலை வந்தது, பாட்டு வந்தது, வலை வந்தது. இரண்டு கையும் சமமாக, மடி நிறைய நெத்திலி, வெயிலில் கண் கூசியது. யாரும் கூச்சல் போடவில்லை. மீன் வந்தால் கூச்சல் போடாத குப்பத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "அவுரு கொரலு... அவுரு கொரலுதான்" என்று மட்டும் சொன்னாள். வெடிமருந்து ஆலையைப் பற்றி அப்புறம் ஒருவரும் பேசவில்லை.

எனக்குத்தான் அந்த ஊமைக் குழல் உறுத்திக்கொண்டே இருந்தது. தொழில்காரன் புத்தி. நல்ல மூங்கிலாகத் தேடி, சீவி, ஊதிப் பார்த்து, சரியான ஸ்வரம் வரவைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். பொருத்தப் போனபோது நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"வாணாம் ஆசாரி. அங்கதான் மூச்சு வாங்குறானுங்க."

"ஊமையா நிக்குதேய்யா, கேக்கறவன் என்னைப் பாத்துச் சிரிப்பான்" என்றேன்.

"நான் ஊமையாத்தானே நிக்கிறேன், எவன் சிரிக்கிறான்?" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். குழலைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

உப்புக்காற்று எதை விட்டுவைத்தது? முள் பச்சை பூத்தது, தோல் இற்றது, ஒரு மழைக்காலத்தில் பெட்டி அடியோடு மூச்சை விட்டது. நீ அதற்காக அழுவாய் என்று நினைத்தேன். அழவில்லை. அதற்குள் அந்தப் பாட்டு எல்லார் வாயிலும் ஏறியிருந்தது. ஒல்லாந்தப் பாட்டுக்கு நம் வார்த்தைகளைப் போட்டுக்கொண்டார்கள். நீ நடுவில் நின்று, இல்லாத கைப்பிடியைக் காற்றில் சுற்றினாய். உன் கையைப் பார்த்து இரண்டு கூட்டமும் பாடியது. உன் கை நிற்கும் இடத்தில் பாட்டும் நின்றது. பெட்டி போன பிறகும் அந்தக் குழல் ஊமையாகவே இருந்தது. கடைசிவரை நீ அப்படித்தான் நின்றாய். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று மட்டும் வலை இறங்கவில்லை.

இன்றைக்குக் காலையில் அஞ்சலை அந்தக் காட்டூர்க்காரனிடம் என்ன சொன்னாள் தெரியுமா? கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள். திட்டப்போகிறாள் என்று அவன் ஒரு அடி பின்னால் போனான். அவள் திட்டவில்லை.

"அது எங்க வூட்டுக்காரரு பாடற எடம், நைனா. அங்க நீ கம்முனு இரு."

"அவுரு எங்க கீறாரு?" என்று கேட்டான் அவன், சுற்றிலும் பார்த்துக்கொண்டு.

அவள் கடலைப் பார் என்று மோவாயால் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த மூங்கில் குழல் இன்னமும் என் கருவிப் பையில்தான் கிடக்கிறது. உளி தேடும்போதெல்லாம் கையில் தட்டும். ஊதினால் இப்போதும் சரியான ஸ்வரம் வரும். ஊதமாட்டேன். பையை ஓரமாக வைத்துவிட்டு, கிழவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர்கள் தடுத்தும் கேட்காமல், போய் வடக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. எனக்கு முன்னால் நின்ற காட்டூர்க்காரன் வாயை இறுக மூடிக்கொண்டு கடலைப் பார்த்தான். எல்லாரும் மூச்சு இழுத்தோம். அலை வந்தது, இழுத்தோம்.