பூட்டிய காருக்குள் அவர்

வெள்ளிக்கிழமை, இரவு.

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த என் வீட்டுக்காரர் காரைவிட்டு இறங்கவேயில்லை. போய்ப் பார்த்தால், மூடிய கண்ணாடிக்குள் வியர்த்துச் சாய்ந்து கிடந்தார். சர்க்கரை இறங்கியிருக்கிறது. எவ்வளவு தட்டியும் அசைவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு கார் ஸ்பீக்கரில் பயான் உரை கேட்டிருக்கிறார், கார் பேட்டரியும் செத்துவிட்டது. வீட்டிலிருந்த இன்னொரு ரிமோட்டை அமுக்கிப் பார்த்தேன்; கதவு திறக்கவில்லை. யா அல்லாஹ் என்று கல்லைத் தூக்கினேன்.

பக்கத்து வீட்டு செல்வி ஓடி வந்து கையைப் பிடித்தாள். "பேஜாராவாதக்கா! ரிமோட்டுக்குள்ளயே சாவி இருக்கு, இழு!"

இழுத்தேன். கதவின் சாவித் துவாரம் எனக்குப் பிடிபடவில்லை. செல்விதான் திறந்தாள். ஈறில் தேனைத் தடவியதும் கண் விழித்தார்.

"இன்னாத்துக்கு அழற? கொஞ்சம் அசந்துட்டேன்."

இப்போது தூங்குகிறார். மதியமும் இப்படித்தான், தூங்குகிற மாதிரியே இருந்தார். இரண்டு தடவை எழுப்பிவிட்டேன். மறுபடி எழுப்பினால் திட்டுவார்.

எழுப்பப் போகிறேன்.