கண்ணாடிக்குள் ஒரு க

சதுரங்கப்பட்டினம்
பங்குனி மாதம், 1999

அன்பு மகள் கல்யாணிக்கு அப்பா தன் கையாலேயே எழுதுவது. நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறோம், வடக்கே ராவத்பாட்டாவில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் நிதினும் அதைப் போலவே இருக்க வேண்டும். எழுத்து முன்னைவிட நேராக வருகிறதா பார். அறிவொளி வகுப்பில் ஒரு வரி எழுத ஒரு பொழுது ஆகும், இப்போது ஒரு தோசை வேகிற நேரத்தில் ஒரு வார்த்தை எழுதிவிடுகிறேன். கண்ணாடி என்பதற்கு மூன்று சுழியா இரண்டு சுழியா என்று சந்தேகம் வந்து அம்மாவைக் கேட்டேன், எழுத்தே தெரியாதவள் மூணு என்று சொன்னாள், நம்பிப் போட்டுவிட்டேன். எழுதப் போடுகிற கண்ணாடி, நெருப்புக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி, கோலி உருட்டுகிற கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி, எல்லாவற்றுக்கும் ஒரே பேர்தான் என்பது எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

உன் கடிதத்தை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நெருப்புப் பக்கம் போகக்கூடாது, கோலிப் பட்டறையை விட்டுவிட்டு இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள், மாப்பிள்ளை டிக்கெட் எடுக்கிறார் என்று எழுதியிருந்தாய். டாக்டர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யலாம் என்றுதான் சொன்னார், ஆனாலும் உன் பயம் எனக்குப் புரிகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மனதுக்குள் ஒன்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூவும் உன் பேரின் முதல் எழுத்தும் வைத்த கோலி ஒன்றே ஒன்று உடையாமல் வந்தால் இங்கேயே இருப்பது, பங்குனி முடிவதற்குள் வராவிட்டால் பெட்டி கட்டிவிடுவது. அம்மாவிடமும் உன் தாய்மாமன் தாமோதரனிடமும் மட்டும் சொன்னேன்.

உனக்குத் தெரிந்தது உள்ளே நீல இழை ஓடுகிற பழைய கோலி. தாமோதரன் ஐப்பசியில் காசிக்குப் போய், அங்கே கண்ணாடி மணி செய்கிறவர்களிடம் புது வேலை கற்றுக்கொண்டு வந்தான். தெளிந்த கண்ணாடிக் கம்பியின் நுனியை ஊதுவிளக்கில் உருக்கி ஒரு ரூபாய்க் காசு போலத் தட்டையாக்க வேண்டும். அதன் முகத்தில் சுற்றிலும் சிவப்புக் கண்ணாடியால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு நெருப்பில் திருப்பிக்கொண்டே இருந்தால் ஓரம் தானாக மடிந்து உருளும், உருளும்போது புள்ளிகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். சூட்டில் எல்லாம் தணல் நிறம்தான், ஒன்றும் தெரியாது. ஆறிய பிறகு பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் இதழாக நீண்டு, கிணற்று அடியில் தாமரை நிற்பது போல ஒரு பூ நிற்கிறது. முதல் தடவை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் கல்யாணி. நான் வைத்தது புள்ளி மட்டும்தான், பூ செய்ய எனக்குத் தெரியாது, பின்னே அதைச் செய்தது யார். அம்மாவிடம் காட்டினேன். நான்கூடத்தான் கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து வாசல்ல புள்ளி வெச்சிகினு கீறேன், ஒண்ணுகூட எந்திரிச்சி பூவா நிக்கலியே என்றாள். ஆனால் அன்று முழுக்க அந்தக் கோலி அவள் முந்தானை முடிச்சில்தான் இருந்தது.

எழுத்துதான் பாடாய்ப் படுத்தியது. பூ உருண்ட பிறகு அதன் முதுகில், சேமியா கனத்துக்கு இழுத்த வெள்ளைக் கண்ணாடியால் எழுதி, மேலே நீலக் கண்ணாடியைப் பூசி மூடிவிட வேண்டும். அப்புறம் சவுக்குக் கரியின் சுடுசாம்பலில் புதைத்து, மறுநாள் வரை ஆற விட வேண்டும். கடல்காற்று கொஞ்சம் புகுந்தாலும் சாம்பலுக்குள் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாசி முழுக்க அந்தச் சத்தம்தான் கேட்டேன். கடைசியில் அம்மாவே கோணிப்பையைக் கிழித்துப் பட்டறை வாசலில் படுதா கட்டினாள். நிதினைப் பார்க்க வேண்டும் என்று ஏங்குகிறவள் அவள், கோலி உடைந்தால்தான் அவளுக்கு ரயில். அப்படியும் கட்டினாள்.

போன வெள்ளிக்கிழமை ஒன்று முழுசாக வந்தது. கழுவி வெயிலுக்கு நேரே பிடித்தேன். பூ நின்றது. இதழுக்கு நடுவில், நான் எழுதியதைவிட மூன்று பங்கு பெரிதாக, உன் க நின்றது. ஆனால் திரும்பி நின்றது. முதுகில் எழுதினால் முன்னாலிருந்து இடம் வலமாகத் தெரியும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. தாமோதரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இன்னா மாமா, பொண்ணு அம்மாந்தூரம் போனாலும் மூஞ்ச பொறந்த வூட்டுப் பக்கமே வெச்சிகினு கீதே என்றான். எழுத்து தப்பு, செல்லாது, பொட்டியக் கட்டு என்றான். அம்மா சண்டைக்குப் போய்விட்டாள். முழுசாத்தானே வந்துச்சி, படிக்கத் தெரியாத எனக்கு அது எந்தப் பக்கம் திரும்பினா இன்னா, செல்லும் என்றாள். அன்றிலிருந்து சிலேட்டில் எல்லா எழுத்தையும் திருப்பி எழுதிப் பழகுகிறேன். ப மட்டும் எந்தப் பக்கம் பார்த்தாலும் ப-வாகவே இருக்கிறது. இத்தனை நாள் எழுதியும் அதை நான் பார்க்கவில்லையே.

கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்து உங்கள் ஊருக்கு மாற்றலாகி வருகிற கோபாலகிருஷ்ணன் சாரிடம் இந்தக் கடிதத்தையும், பஞ்சில் சுற்றி அந்தக் கோலியையும் கொடுத்தனுப்புகிறேன். நிதின் கையில் முதலில் கொடுக்காதே, விரலில் வைத்து அடித்துவிடுவான். செல்லுமா செல்லாதா என்று நீதான் சொல்ல வேண்டும். செல்லாது என்றால் நான் மறுபேச்சில்லாமல் ரயில் ஏறுவேன். செல்லும் என்றால் பள்ளிக்கூட லீவுக்கு நீயே பேரனை அழைத்துக்கொண்டு வா, படுதா கட்டியவளுக்கு அதையாவது செய்ய வேண்டும்.

நீயும் உன் குடும்பமும் கண் நிறைய நல்லதைப் பார்த்துப் பல காலம் வாழ வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. கோலியை வெறுமனே பார்த்து முடிவு சொல்லாதே. முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, பூ இருக்கிற பக்கத்தை அதற்குக் காட்டிப் பிடி. க நேராகிவிடும். பக்கத்தில் உன் முகமும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு எழுது.

இப்படிக்கு,
கைநாட்டு இல்லாமல் கையெழுத்துப் போடும்
உன் அப்பா முத்துசாமி