பிள்ளையின் எடை

மண்ணூர்
12.6.2011

அன்புள்ள லேகாவுக்கு,

நான் நலம். நீயும் நம் பிள்ளை கனிஷ்காவும் நலமா? போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். பேனாவை இரண்டு மொட்டைக் கைகளுக்கும் நடுவில் இடுக்கி எழுதுவதால் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். பொறுத்துக்கொள்.

கம்பெனியில் பிரஸ் மிஷின் என் கைகளை மணிக்கட்டோடு எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்போது நீ சோறு ஊட்டியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அவசரத்தில் உருண்டையை என் மூக்கில் அப்பிவிட்டு நீதான் முதலில் அழுவாய். இப்போது கரண்டியை எலாஸ்டிக் பட்டையில் செருகி நானே சாப்பிடுகிறேன். சோப்பைப் பழைய சாக்ஸில் போட்டுக் குழாயில் தொங்கவிட்டு, நான் போய் உரசிக்கொள்கிறேன். கைலிக்கும் எலாஸ்டிக் தைத்தாயிற்று. நீ போட்ட முடிச்சு லேசில் அவிழாது. அவசரத்துக்கு நான் தவித்த தவிப்பு ஞாபகம் இருக்கிறதா?

பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோ என்றாய். இப்போது பிள்ளை எவ்வளவு எடை? மறக்காமல் எழுது.

உன்
மாசானம்

நாங்குநேரி
2.7.2011

அன்புள்ள அத்தானுக்கு,

பிள்ளை யார் சாயல் என்று கேட்கவில்லை, சிரிக்கிறாளா என்று கேட்கவில்லை, எடை கேட்கிறீர்கள்! அவள் என்ன கோழியா? நேற்று தடுப்பூசி போட்ட இடத்தில் நிறுத்தார்கள். மூன்று கிலோ எண்ணூறு. போதுமா?

அந்தக் காலத்தில் ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பூ வாங்கிச் சட்டைப்பையில் வைப்பீர்கள். எடுத்துக் கொடுக்க மறந்துவிடுவீர்கள். துவைக்கும்போதுதான் எனக்குக் கிடைக்கும்.

அத்தான், மறைக்காமல் சொல்கிறேன். "ஏட்டி, ரெண்டு கையும் இல்லாதவன்கிட்ட பச்சப்பிள்ளைய எப்படிக் கொடுத்து அனுப்ப?" என்கிறார் அப்பா. அவள் நடக்கும்வரை இங்கேயே இருக்கச் சொல்கிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கோபிக்காதீர்கள்.

உங்கள்
சந்திரலேகா

மண்ணூர்
5.8.2011

அன்புள்ள லேகாவுக்கு,

கோபமில்லை. அழுகைதான் வந்தது.

எடை ஏன் கேட்டேன் தெரியுமா? அத்தனை கிலோ அரிசியை உன் பழைய சேலையில் கட்டி, தோளில் தூளிபோலப் போட்டு, மொட்டைக் கைகளால் அணைத்துத் தூக்கிப் பழகுகிறேன். "இன்னாபா, அரிசி மூட்டைய தாலாட்டிக்கினு கீற?" என்று பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா அக்கா சிரித்தார். இப்போது அவர்தான் கடைத் தராசில் நிறுத்துக் கட்டித் தருகிறார்.

உன் கடிதம் வருமுன் இரண்டே முக்கால் கிலோவில் பழகியபோது, ஜூன் கடைசியில் ஒருநாள் நழுவிவிட்டது. அரிசி தெரு வரைக்கும் சிதறியது. அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. உனக்குச் சொல்லவும் தைரியமில்லை. அதற்குப் பிறகு முப்பத்தெட்டு நாள், ஒருமுறைகூட விழவில்லை. தூக்கியபடியே உட்கார்ந்து எழுகிறேன், மாடிப்படி ஏறுகிறேன். வாரம் ஒரு டம்ளர் அரிசி கூட்டிக்கொள்கிறேன்.

ஆனால் அரிசி உதைக்காது, அழாது. அதை நீங்கள் வந்தால்தான் பழக முடியும். அப்பாவிடம் இதைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

உன்
மாசானம்

நாங்குநேரி
14.8.2011

அன்புள்ள அத்தானுக்கு,

அப்பாவிடம் சத்தமாகவே படித்தேன். அரிசி சிதறிய இடத்தில் நிறுத்தச் சொன்னார். "விழுந்ததையும் எழுதியிருக்கான்லா" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு டிக்கெட் எடுக்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு காலை வருகிறோம். அப்பாவும் வருகிறார். இப்போது நாலு கிலோ தொள்ளாயிரம், உதை தனி.

கோவிந்தம்மா அக்காவிடம் அந்த மூட்டையை அவிழ்த்து, அரிசியை உலையில் போடச் சொல்லுங்கள்.

உங்கள்
லேகா